ஏதேன் தோட்டத்தின் விலக்கப்பட்ட கனி எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆதாமும் ஏவாளும் தின்றது ஆப்பிள்தான் என்று அடித்துச் சொல்பவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. 'வேதத்தில் ஆப்பிள் எங்கே இருக்கிறது, காட்டு பார்ப்போம்' என்று மடக்குபவர்களும் உண்டு. மடக்குபவர் சொல்வது சரிதான். ஆனால் ஆப்பிள் இல்லையென்றால் வேறு எது என்று கேட்டால் அவரும் கொஞ்சம் திணறுவார். அத்தி, திராட்சை, கோதுமை, வாழை, காளான் என்று இரண்டாயிரம் ஆண்டுகளாக ஆளுக்கொரு பதில் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்தப் பதில்களையும், அவை எங்கிருந்து வந்தன என்பதையும் கீழே பார்க்கலாம். வசனங்கள் சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் பழைய தமிழ் வேதாகமத்தின்படி. கத்தோலிக்கப் பதிப்பில் பார்ப்பவர்கள் ஆதியாகமத்தைத் தொடக்கநூல் என்ற பெயரில் தேடவும்.

வேதாகமம் நேரடியாக என்ன சொல்கிறது?

'கனி' என்கிறது. அவ்வளவுதான். ஆதியாகமம் 2ஆம் அதிகாரத்தில் தோட்டத்தின் நடுவே ஜீவவிருட்சமும், நன்மை தீமை அறியத்தக்க விருட்சமும் முளைக்கின்றன. இரண்டாவதை மட்டும் புசிக்கக் கூடாது, புசித்தால் 'சாகவே சாவாய்' என்று ஆதாமுக்குக் கட்டளை. 3ஆம் அதிகாரத்தில் சர்ப்பம் வருகிறது, ஏவாள் பறிக்கிறாள், புசிக்கிறாள், கணவனுக்கும் கொடுக்கிறாள். எபிரெய மூலத்தில் உள்ள சொல் எந்த மரத்துக் காய்கனிக்கும் பொருந்தும் பொதுச்சொல். இந்த விஷயத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் மூலத்தைவிட்டு இம்மியும் நகரவில்லை.

இன்னொன்றையும் கவனிக்கலாம். ஆதாமுக்கு வந்த கட்டளையில் 'தொடவும் வேண்டாம்' என்பது கிடையாது. சர்ப்பத்திடம் சொல்லும்போது ஏவாள்தான் அதைச் சேர்க்கிறாள். யூத உரையாசிரியர்கள் இந்த ஒரு சொல்லை வைத்தே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள்.

எந்தப் பழம் என்று ஊகிக்க வசனத்தில் துப்பே இல்லையா?

இரண்டு இருக்கின்றன. ஒன்று 3:6. அந்த விருட்சம் 'புசிப்புக்கு நல்லதும், பார்வைக்கு இன்பமும், புத்தியைத் தெளிவிக்கிறதற்கு இச்சிக்கப்படத்தக்க விருட்சமுமாய்' இருந்தது. ஆக, கண்ணுக்கு அழகு, வாய்க்கு ருசி. இதை வைத்து எலுமிச்சையைத் தள்ளலாமே தவிர வேறொன்றும் செய்ய முடியாது.

இரண்டாவது துப்பு அடுத்த வசனத்திலேயே இருக்கிறது. இருவர் கண்களும் திறக்கின்றன, நிர்வாணம் தெரிகிறது, உடனே 'அத்தியிலைகளைத் தைத்து' அரைக்கச்சை உண்டுபண்ணுகிறார்கள். அந்த அத்தியாயம் முழுக்கத் தேடினாலும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே மரம் அத்திதான். துப்பறியும் கதையாக இருந்தால் போலீஸ் முதலில் அத்தி வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

அப்படியானால் அத்தி என்று முடித்துவிடலாமா?

பழங்காலத்தில் பலர் அப்படித்தான் முடித்தார்கள். ஆதாம் ஏவாளின் கதையை ஏவாளின் வாயால் விரித்துச் சொல்லும் பழைய கிரேக்க நூல் ஒன்று உண்டு. திருமறையில் சேராத நூல். அதில் ஏவாள் தன்னை மறைக்க இலை தேடுகிறாள். அவள் தின்ற அந்த நொடியிலேயே தோட்டத்து மரங்களின் இலையெல்லாம் உதிர்ந்துவிட்டது. அத்தியில் மட்டும் மிச்சமிருக்கிறது. அதிலிருந்து இலை பறிக்கிறாள், தான் தின்றதும் அதே மரத்தில்தான் என்கிறாள்.

யூத மத ஆசான்களான ரபீக்களிடம் இதே வாதம் வேறு வடிவத்தில் வருகிறது. ரபீ நெகேமியா சொல்வதாக, அவர்களுடைய சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூதில் உள்ளது: எதனால் கெட்டார்களோ அதனாலேயே சரிசெய்துகொண்டார்கள். ஆதியாகமத்துக்கான பழைய யூத விளக்க நூலான பெரேஷித் ரப்பாவில் ரபீ யோசே ஓர் உவமை சொல்கிறார். ஓர் இளவரசன் அரண்மனைப் பணிப்பெண் ஒருத்தியோடு தவறிவிட்டான். அரசன் அவனைத் துரத்திவிட்டான். அவன் ஒவ்வொரு பணிப்பெண்ணின் வாசலிலும் போய் நிற்கிறான், யாரும் கதவு திறக்கவில்லை. அவனோடு தவறியவள் மட்டும் திறந்தாள். அதுபோல மற்ற மரங்களெல்லாம் ஆதாமுக்கு இலை தர மறுக்க, அத்தி மட்டும் கொடுத்ததாம்.

இது அழகான வாதம். ஆனால் நிரூபணம் இல்லை. இலை அத்தி என்றால் கனியும் அத்தியாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பக்கத்தில் நின்ற மரமாக இருக்கலாம், இலை பெரிது என்பதால் பறித்திருக்கலாம். இங்கே சொல்லப்படுவது நம் ஆற்றங்கரை நாட்டு அத்தி அல்ல; மேற்காசியாவில் விளையும் சீமை அத்தி. கைவிரல் விரித்தாற்போல் பிரிந்த, சொரசொரப்பான பெரிய இலை அதற்கு. அதன் பால் தோலில் பட்டு அதன்மேல் வெயிலும் பட்டால் கொப்புளம் கண்டுவிடும். முதல் ஆடை அவ்வளவு சுகமாக இருந்திருக்காது.

அந்த நிலப்பகுதியில் அத்தியின் பழமையும் சாதாரணமானதல்ல. யோர்தான் பள்ளத்தாக்கில் எரிகோவுக்கு அருகே கில்கால் என்ற இடத்தில் கருகிய அத்திப்பழங்கள் கிடைத்தன. வயது ஏறத்தாழ 11,400 ஆண்டுகள். விதை முளைக்காத வகை என்பதால் மனிதர்கள் கிளை நட்டு வளர்த்திருக்க வேண்டும் என்று 2006இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அது சரியென்றால் மனிதன் வளர்த்த மிகப் பழைய பயிர்களில் அத்தியும் ஒன்று.

கோதுமை என்றும் சொல்கிறார்களே? அது மரமே இல்லையே!

மரமில்லைதான். ரபீக்களுக்கும் அது தெரியும். அதனால் ஏதேனில் கோதுமை லீபனோனின் கேதுரு மரம்போல் ஓங்கி வளர்ந்தது என்று சொல்லிவிட்டார்கள்.

வேடிக்கையாகத் தோன்றும் இந்தப் பதிலின் பின்னால் யோசனை இருக்கிறது. குழந்தை தானியச் சோறு தின்னத் தொடங்கும் வயதில்தான் 'அப்பா', 'அம்மா' என்று அழைக்கக் கற்கிறது என்கிறார் ரபீ யெகூதா. அறிவும் தானியமும் சேர்ந்தே வருகின்றன. ஆகவே அறிவு தரும் மரம் கோதுமைதான். எபிரெயத்தில் கோதுமைக்கான சொல்லும் பாவத்துக்கான சொல்லும் காதுக்கு நெருக்கமானவை என்பது கூடுதல் வசதி.

எனக்கு இந்தப் பதில்மேல் தனி மதிப்பு உண்டு. தண்டனையைப் பாருங்கள்: 'உன் முகத்தின் வேர்வையால் ஆகாரம் புசிப்பாய்' (3:19). எபிரெயத்தில் அந்த 'ஆகாரம்' அப்பத்தைக் குறிக்கும் சொல். பறித்துத் தின்றவன் இனி உழுது, அறுத்து, அரைத்து, சுட்டுத் தின்ன வேண்டும். கோதுமையை மனிதன் முதன்முதலில் பயிராக்கியது மேற்காசியாவில், சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன். தோட்டத்திலிருந்து வயலுக்கு வந்த இந்த மாற்றத்தைக் கதை ஏதோ ஒருவிதத்தில் நினைவில் வைத்திருக்கிறது என்று இக்காலத்திலும் வாதிடுபவர்கள் உண்டு. அதை நிரூபிக்க வழியில்லை. ஆனாலும் தண்டனையோடு இவ்வளவு நெருங்கிப் பொருந்தும் பயிர் வேறில்லை.

ரபீக்கள் வேறு எதையெல்லாம் சொன்னார்கள்?

திராட்சையைச் சொன்னார்கள். திராட்சரசத்தைப்போல் மனிதனுக்கு ஒப்பாரியைக் கொண்டுவருவது வேறில்லை என்பது தல்மூதில் ரபீ மெயிரின் காரணம். நோவா குடித்து வெறித்துக் கூடாரத்தில் விழுந்து கிடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். வேடிக்கை என்னவென்றால், பெரேஷித் ரப்பாவில் அதே ரபீ மெயிரின் பெயரில் கோதுமை வருகிறது! வாய்வழியாக வந்த மரபில் இப்படி இடம் மாறுவது சகஜம்.

திராட்சைக்கு இன்னும் பழைய சாட்சி ஏனோக்கின் நூல். கி.மு. 3ஆம் நூற்றாண்டளவில் எழுதப்பட்ட பகுதி. எத்தியோப்பியத் திருச்சபை இன்றும் அதைத் திருமறையாக வைத்திருக்கிறது. அதில் ரபாயேல் தூதன் ஏனோக்குக்கு அந்த மரத்தையே காட்டுகிறான். உயரம் ஊசியிலை மரம்போல், இலை கரோப் மரத்தினுடையதுபோல், கனி திராட்சைக்குலைபோல், வாசனை வெகுதூரம் வீசுகிறது. யார் வீட்டுத் தோட்டத்திலும் இல்லாத மரம் அது. எழுதியவர் வேண்டுமென்றே அப்படிக் கலந்திருக்கிறார்.

அக்கோ ஊர் ரபீ அப்பா சொன்னது எத்ரோக். கூடாரப் பண்டிகையில் யூதர்கள் கையில் ஏந்தும், தோல் தடித்த, வாசனையான எலுமிச்சை இனம். 'விருட்சம் புசிப்புக்கு நல்லது' என்று வசனம் மரத்தைத்தானே சொல்கிறது, கனியை அல்லவே. மரக்கட்டையிலும் கனியின் ருசி இருப்பது எத்ரோக்கில் மட்டும்தான் என்றார். மேலே எலுமிச்சையைத் தள்ளியது அவருக்குப் பிடித்திருக்காது.

சரி, ஆப்பிள் எப்படி நுழைந்தது?

ஊரெங்கும் வழங்கும் விளக்கம் இது: இலத்தீனில் 'மாலும்' என்றால் ஆப்பிள், 'மலும்' என்றால் தீமை. எழுத்தில் இரண்டும் ஒன்றே. வேதத்தை இலத்தீனில் பெயர்த்த ஜெரோம் இந்தச் சிலேடையில் மயங்கி ஆப்பிளை நுழைத்துவிட்டார்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஜெரோமின் இலத்தீனைத் திறந்து பார்த்தால் அப்படி இல்லை. கி.பி. 400ஐ ஒட்டி அவர் செய்த மொழிபெயர்ப்பில் ஆதியாகமம் 3இல் கனி வரும் இடமெல்லாம் 'ஃப்ருக்டுஸ்' என்ற பொதுச்சொல்தான் இருக்கிறது. 'மலும்' வருவது 'நன்மை தீமை' என்ற இடத்தில், தீமை என்ற பொருளில் மட்டும். பாவம், ஜெரோம்மேல் பழி போட்டவர்கள் புத்தகத்தைத் திறக்கவில்லை.

அவர்மேல் பழிபோட வேண்டுமென்றால் வேறோர் இடம் இருக்கிறது: உன்னதப்பாட்டு 8:5. தமிழில் 'கிச்சிலிமரத்தின்கீழ் உன்னை எழுப்பினேன்' என்று வரும் வசனம். அடுத்து, அங்கே உன் தாய் உன்னைப் பெற்றாள் என்று தொடரும். ஜெரோம் அந்த மரத்தை ஆப்பிள் என்று வைத்து, பின்பகுதியை 'அங்கே உன் தாய் கெடுக்கப்பட்டாள்' என்று பெயர்த்தார். ஆப்பிள் மரத்தடியில் கெட்டுப்போன தாய் என்றவுடன் ஏவாள் நினைவு வராமல் இருக்குமா? இடைக்கால உரையாசிரியர்கள் இரண்டையும் முடிச்சுப்போட இது இடம் கொடுத்தது.

2022இல் அசான் யாதின்-இஸ்ரேல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இந்தக் கேள்விக்கென்றே ஒரு நூல் எழுதினார். சிலேடைக் கதையை அவர் ஏற்கவில்லை. இலத்தீன் உரையாசிரியர்கள் நெடுங்காலம் அத்தி, திராட்சை என்றுதான் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்று காட்டுகிறார். அவர் சொல்லும் காரணம் பிரெஞ்சு மொழி. பழைய பிரெஞ்சில் 'போம்' என்றால் எந்தக் கனியும். ஆதாம் தின்றது 'போம்' என்று மக்கள் மொழியில் சரியாகத்தான் எழுதினார்கள். பிறகு அந்தச் சொல்லின் பொருள் ஆப்பிள் என்று மட்டும் சுருங்கியது. பழைய வரியைப் புதிய காது கேட்டது; கனி ஆப்பிளாகிவிட்டது. ஓவியங்களில் ஆப்பிள் தலைகாட்டுவதும் 12ஆம் நூற்றாண்டில், பிரான்சில்தான். ஆங்கிலத்திலும் ஆப்பிள் ஒருகாலத்தில் பொதுச்சொல்லாக இருந்தது. அன்னாசிக்குப் பைன்ஆப்பிள் என்ற பெயர் அதன் மிச்சம்.

சிலேடைக்கு எந்தப் பங்கும் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இலத்தீன் படித்த குருமார்கள் அதை ரசித்திருப்பார்கள். ஆனால் அது பின்னால் ஒட்டிக்கொண்ட அலங்காரம் என்ற பக்கமே என் சாய்வும்.

தமிழ் வேதாகமத்தில் ஆப்பிள் உண்டா?

ஆங்கிலத்தில் ஆப்பிள் என்று படிக்கும் இடங்களைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் திருப்பிப் பாருங்கள். உன்னதப்பாட்டில் 'காட்டுமரங்களுக்குள்ளே கிச்சிலிமரம்' என்று இருக்கும். யோவேல் 1:12இலும் கிச்சிலி. நீதிமொழிகள் 25:11இல் 'வெள்ளித்தட்டில் வைக்கப்பட்ட பொற்பழங்கள்'. கிச்சிலி என்பது ஆரஞ்சு இனம். அந்த எபிரெயச் சொல் எந்தப் பழத்தைக் குறித்தது என்பதில் அறிஞர்களிடையே இன்றும் சண்டை உண்டு. ஆகவே தமிழ்ச் சபையாரின் மனத்தில் ஆப்பிள் வந்தது வேத வாசிப்பால் அல்ல. மேலைநாட்டிலிருந்து அச்சாகி வந்த ஞாயிறு பள்ளி வண்ணப்படங்களால்.

ஏதேன் இருந்த பக்கம் ஆப்பிள் விளையவே விளையாது என்கிறார்களே?

ஆப்பிளை மறுப்பவர்கள் அவசரப்பட்டு விடும் அம்பு இது. ஏதேனிலிருந்து பிரியும் நான்கு ஆறுகளாக வேதம் சொல்வது பைசோன், கீகோன், இதெக்கேல், ஐபிராத்து. கடைசி இரண்டும் டைகிரிஸ், யூப்ரடீஸ்; அதாவது இன்றைய ஈராக் பக்கம். இன்று நாம் தின்னும் ஆப்பிளின் மூதாதை கசகஸ்தானின் தியான் ஷான் மலைச்சரிவுக் காட்டு ஆப்பிள் என்பது உண்மை. ஆனால் தென் ஈராக்கில் 'ஊர்' என்ற பெயருடைய பழைய நகரில் தொல்லியலாளர் லியோனார்ட் வூலி தோண்டிய அரசி புவாபியின் கல்லறையில், நூலில் கோத்துக் காயவைத்த சிறு ஆப்பிள் வளையங்கள் கிடைத்தன. ஏறத்தாழ கி.மு. 2500. ஆபிரகாமின் ஊர் என்று வேதம் சொல்லும் ஊரும் இதே பெயருடையது. ஆப்பிளை அங்கே அறவே அறியார் என்று சொல்ல முடியாது. வசனம் ஆப்பிள் என்று சொல்லவில்லை என்பதே போதுமான வாதம். தாவரவியலைத் துணைக்கு அழைக்கத் தேவையில்லை.

ஓவியர்கள் எல்லோரும் ஆப்பிளைத்தானே வரைந்தார்கள்?

வடக்கே பெரும்பாலும் அப்படி. ஜெர்மனியின் மூத்த லூக்காஸ் கிரானக் 1526இல் வரைந்த ஆதாம் ஏவாள் படத்தில் காய்த்துக் குலுங்கும் ஆப்பிள் மரம். ஆனால் வத்திக்கானில் சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரையில் மைக்கேலாஞ்சலோ வரைந்த மரம் அத்தி. கெந்த் நகரப் பேராலயத்தில் 1432இல் முடிந்த வான் ஐக் சகோதரர்களின் பலிபீட ஓவியத்தில் ஏவாள் கையில் இருப்பது சுருங்கிய தோலுடைய ஓர் எலுமிச்சை இனப் பழம். பார்ப்பவர்களுக்கு இன்றும் கொஞ்சம் திடுக்கென்றிருக்கும்.

ஆங்கிலக் கவிஞர் மில்டன்தான் ஆப்பிளைப் பரப்பினாரா?

ஆங்கில உலகில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1667இல் வந்த 'பாரடைஸ் லாஸ்ட்' காப்பியத்தில் ஆப்பிள் என்ற சொல் இரண்டு முறை வருகிறது. இரண்டு முறையும் பேசுபவன் சாத்தான்! ஒருமுறை சர்ப்ப வடிவில் ஏவாளை மயக்கும்போது. மறுமுறை நரகத்துக்குத் திரும்பி, மனிதனை வெறும் ஆப்பிளைக் கொண்டு கவிழ்த்தேன் என்று கூட்டாளிகளிடம் எக்களிக்கும்போது. கவிஞர் தம் குரலில் பேசும்போது கனி என்றே சொல்கிறார். பொய்யனின் வாக்குமூலத்தை நம்பி உலகம் ஆப்பிள் என்று எழுதிக்கொண்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

இலை விஷயத்தில் மில்டன் நம் பக்கம் வருகிறார். ஆதாமும் ஏவாளும் இலை பறித்த அத்தி, பழத்துக்குப் பேர்போன அத்தி அல்ல. மலபாரிலும் தக்காணத்திலும் கிளை பரப்பி, வளைந்த கிளைகள் தரையில் வேர்விட்டுத் தாயைச் சுற்றிப் பிள்ளைகளாக நிற்கும் மரம் என்கிறார். சந்தேகமே இல்லாமல் ஆலமரம். ஆலும் அத்திக் குடும்பமே. ஆனால் அதன் இலை போர்க்கேடயம்போல் பெரியது என்று ஒரு போடு போடுகிறார். அந்தத் தவறு ரோமானிய எழுத்தாளர் பிளினி காலத்திலிருந்து ஏட்டில் தொடர்ந்து வந்தது. ஆலிலையில் அரைக்கச்சை தைக்க எத்தனை இலை வேண்டும் என்று விழுதில் ஊஞ்சலாடிய எந்தப் பிள்ளையும் சொல்லும்.

வாழைப்பழம் என்பது உண்மையா?

இதை நம்பியவர்கள் நிஜமாகவே இருந்தார்கள். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் ஹாலந்தில் ஒரு செல்வரின் தோட்டத்தில் வாழையைக் காய்க்கவைத்து, 1736இல் அதற்கென்றே ஒரு சிறுநூல் வெளியிட்டார். 1753இல் வாழைக்கு அவர் வைத்த பெயர் மியூசா பாரடிசியாகா, அதாவது பரதீசின் வாழை. பின்னர் இன்னொரு வகைக்கு மியூசா சேப்பியென்டம், ஞானிகளின் வாழை. இரண்டு பெயரும் சும்மா வந்தவை அல்ல. மேற்காசியாவில் வாழையைச் சொர்க்கத்துக் கனி என்று சொல்லும் வழக்கம் இடைக்காலத்திலேயே பயணிகளின் காதில் விழுந்திருந்தது. ஐரோப்பியர் வாழையை 'ஆதாமின் அத்தி' என்றும் அழைத்தார்கள். அரைக்கச்சைக்கு அத்தியிலையைத் தைப்பதைவிட வாழையிலை எவ்வளவு வசதி என்பதை நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இதில் இலங்கைக்கும் இடமுண்டு. போப்பாண்டவரின் தூதராகக் கீழ்த்திசை போன மரிஞோலி என்ற துறவி 1348ஐ ஒட்டிக் கொல்லத்தில் தங்கி, பிறகு இலங்கைக்குப் போனார். அங்கே ஆதாமின் தோட்டம் என்று காட்டப்பட்ட இடத்தில் வாழை நின்றதாக எழுதினார். பழத்தைக் குறுக்கே வெட்டினால் சிலுவையில் தொங்கும் மனித உரு தெரிகிறது என்றும் எழுதியிருக்கிறார். இப்போதே ஒரு பழத்தை வெட்டிப் பாருங்கள். கொஞ்சம் பக்தி இருந்தால் தெரியும்.

ஆதாம் சொர்க்கத்திலிருந்து இறங்கிய இடம் இலங்கை என்ற நம்பிக்கை அரபு வணிகர்களிடையே அதற்கும் முந்தியது. சைவர்கள் சிவனொளிபாதமலை என்றும் முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்றும் வணங்கும் 2,243 மீட்டர் சிகரத்தின் பாதச்சுவட்டைக் காண, 1344இல் இப்னு பதூதா ஏறினார். அதே தீவில் சிங்களத்தில் திவி கதுரு எனப்படும் நச்சுமரம் ஒன்றும் உண்டு. அதன் காய் ஓரம் கடித்து வைத்தாற்போல் இருக்கும். ஐரோப்பியர் அதற்கு 'ஏவாளின் ஆப்பிள்' என்று பெயரிட்டு, விலக்கப்பட்ட கனி இதுவே என்று கதையும் கட்டினார்கள்.

முஸ்லிம்கள் என்ன சொல்கிறார்கள்?

குர்ஆனும் 'இந்த மரம்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது (2:35, 7:19). 20:120இல் அதை அழிவில்லா வாழ்வின் மரம் என்று ஆசை காட்டுபவன் ஷைத்தான். அங்கே இருவரும் சேர்ந்தே வழுக்குகிறார்கள். மனைவிமேல் மட்டும் பழி விழுவதில்லை. விரிவுரையாளர்கள் கோதுமை, திராட்சை, அத்தி என்று பல மரபுகளைத் திரட்டித் தந்தார்கள். மக்களிடையே நிலைத்தது கோதுமை. பாரசீகக் கவிதையில் ஆதம் இரண்டு கோதுமை மணிக்குச் சொர்க்கத்தை விற்றவர். 923இல் மறைந்த பெரும் விரிவுரையாளர் தபரி எல்லாவற்றையும் எழுதிவிட்டு, எது என்று தெரிந்தால் லாபமில்லை, தெரியாவிட்டால் நட்டமுமில்லை என்ற பொருளில் முடித்தார். இந்தப் பக்கத்தை நான் எழுதியிருக்கவே வேண்டாம் என்று அவர் சொல்லியிருப்பார்.

மாதுளை?

பொருத்தமான வேட்பாளர். அந்த மண்ணில் பழமையானது, வேதத்தில் மதிப்பு மிக்கது, ஆசாரியரின் அங்கியோரத்தில் தொங்குவது. ஆனால் தல்மூதிலும் பெரேஷித் ரப்பாவிலும் வரும் பட்டியல்களில் அதன் பெயர் இல்லை.

காளான் என்று ஒரு காணொளியில் பார்த்தேன்...

பிரான்சில் பிளாங்குரோ என்ற சிற்றாலயத்தின் இடைக்காலச் சுவரோவியத்தில் ஏதேன் மரம் புள்ளி போட்ட காளான்போலவே இருக்கிறது. 1970இல் ஜான் அலெக்ரோ கிறிஸ்தவமே போதைக்காளான் வழிபாட்டிலிருந்து பிறந்தது என்று எழுதியபோது அந்த ஓவியம் பிரபலமானது. அதற்கு முன்பே கலை வரலாற்றறிஞர் பனோஃப்ஸ்கி, அக்கால ஓவியர்கள் ஊசியிலை மரத்தை இப்படிக் குடைபோல் சுருக்கி வரைவது வழக்கம் என்று விளக்கிவிட்டார். காளான் என்று நம்ப வேண்டியதில்லை.

கனி என்பது பாலுறவுக்கு மறைபொருளா?

பலர் அப்படி நினைக்கிறார்கள். ஆனால் 'பலுகிப் பெருகி' என்ற ஆசீர்வாதம் முதல் அதிகாரத்திலேயே வந்துவிட்டது. ஆசீர்வதித்ததையே விலக்கினார் என்றால் கதை நிற்காது. பழைய திருச்சபைத் தந்தை அகுஸ்தீன் சொன்னதே தெளிவு: அந்த உணவில் தன்னளவில் தீங்கு எதுவும் இல்லை, விலக்கப்பட்டது என்பதால் மட்டுமே தின்றது குற்றம். அப்படிப் பார்த்தால் எந்தப் பழமாக இருந்தாலும் சரிதான்.

கிரேப்ஃப்ரூட்டுக்கு ஏன் பரதீசின் பெயர்?

பார்பேடோஸ் தீவில் தற்செயலாகப் பிறந்த கலப்பு அது. பம்பளிமாஸும் ஆரஞ்சும் பெற்றோர். 1750இல் அத்தீவைப் பற்றி எழுதிய கிரிஃபித் ஹியூஸ் 'விலக்கப்பட்ட கனி' என்ற பெயரில் ஒரு பழத்தை வருணித்தார். 1830இல் கிரேப்ஃப்ரூட்டுக்குக் கிடைத்த அறிவியல் பெயர் சிட்ரஸ் பாரடிசி. ஆதாமுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆப்பிள் நிறுவனத்தின் கடித்த ஆப்பிள்?

1977இல் ராப் ஜனாஃப் வரைந்தது. சின்னதாக அச்சிட்டால் செர்ரிப்பழம்போல் தோன்றிவிடக் கூடாது என்பதற்காகக் கடித்த தடம் வைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

கடவுள் ஏன் பெயரைச் சொல்லவில்லை?

பெரேஷித் ரப்பாவில் இத்தனை பழங்களையும் அடுக்கிவிட்டு, முடிவில் ரபீ யோசுவா பென் லேவியின் பெயரில் ஒரு கருத்து வருகிறது. எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இதுதான். அந்த மரம் எது என்று கடவுள் யாருக்கும் வெளிப்படுத்தவில்லை, இனியும் வெளிப்படுத்தமாட்டார் என்கிறார். காரணத்துக்கு லேவியராகமச் சட்டம் ஒன்றைக் காட்டுகிறார்கள். மனிதனைப் பாவத்துக்கு உட்படுத்திய விலங்கையும் கொல்லச் சொல்லும் சட்டம் அது. அந்த விலங்கு தெருவில் நடமாடினால், இன்னார் செத்தது இதனால்தான் என்று ஊர் விரல் நீட்டும். செத்தவனின் மானம் தினமும் போகும். மரத்தின் பெயர் தெரிந்தால் அதைக் காணும்போதெல்லாம் ஆதாமைப் பழிப்பார்கள் அல்லவா? தோட்டத்தைவிட்டுத் துரத்திய பிறகும் அவன் மானத்தைக் காப்பாற்றுகிறார் என்பது ரபீக்களின் வாசிப்பு.

ஞாயிறு பள்ளிக்கு மரம் வரைய வேண்டும். எந்தப் பழத்தைப் போடுவது?

சிறு பிள்ளைகளுக்கு என்றால் அத்தி. வசனத்தில் பெயர் இருக்கிறது, மைக்கேலாஞ்சலோவும் துணைக்கு இருக்கிறார், அடுத்த காட்சிக்கு வேண்டிய இலையும் அதே மரத்தில் கிடைத்துவிடும். விரல் விரித்த இலையாக வரையுங்கள். அரசிலைபோல் வரைந்தால் அது சீமை அத்தி ஆகாது. பெரிய பிள்ளைகளுக்கு என்றால் பழமே இல்லாமல் மரத்தை மட்டும் வரைந்து கொடுத்து, ஆதியாகமம் 3ஐ வாசிக்கச் சொல்லி, அவரவர் பழத்தை வரையவிடுங்கள். யாராவது கோதுமைக்கதிர் வரைந்தால் அவர் வீட்டில் யாரோ நன்றாகக் கதை சொல்கிறார்கள் என்று அர்த்தம்.